வேடமும் மெய்யும்

புகழ்பெற்றோர் வாழ்வில் அவர்தம் திறமை ஒரு பாதி. அத்திறமையைக் காணும் ஊரின் கண் மறுபாதி. பாடுவோன் குரலை மட்டும் ஊர் கேட்பதில்லை. அவன் நடையையும் நிறத்தையும் குலத்தையும் சேர்த்தே எடை போடுகின்றது. ஓடுவோள் எடுத்த நேரத்தை மட்டும் ஊர் அளப்பதில்லை. அவள் தோளையும் குரலையும் முகத்தையும் உடன் அளக்கின்றது. ஆணுக்குரியது இன்னது, பெண்ணுக்குரியது இன்னது என உலகம் வகுத்த வரம்பை ஒருவர் கடந்து நிற்பாராயின், அவர்க்குக் கிடைப்பது சில வேளை மாலை. சில வேளை கல். ஒரே வகைக் கடப்புக்கு ஓரிடத்தில் மாலையும் மற்றோரிடத்தில் கல்லும் கிடைப்பது எதனால்? கடந்தவர் கருநிறத்தவராகவோ தாழ்த்தப்பட்ட குலத்தவராகவோ இருப்பின் கல்லின் கனம் கூடுவது எதனால்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வது பயனுடையது. மட்டக்களப்பு நாடு போன்று கூத்தைத் தன் உயிராகப் போற்றிவந்த நிலத்தில் அம்முயற்சி மேலும் பொருத்தமுடையது.

முதற்கண் இலக்கணம் கூறுவதை நோக்குதல் தகும். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியனார் உயர்திணையிலேயே வைத்தார். அப்பெயர்க்குத் தனக்கென ஓர் ஈறு இல்லை. உயர்திணைப் பால்களுக்கு உரிய ஈற்றையே கொண்டு முடியும் என்பது அவர் விதி. பால் ஐயத்துக்கு உரியதாயினும் திணை ஐயத்துக்கு உரியதன்று என்பது அதன் கருத்து. பின்வந்த நன்னூலாரோ நுட்பமாகப் பிரித்தார். பெண்மை நீங்கி ஆண்மையை விரும்புவாரை ஆண்பாலாகவும், ஆண்மை நீங்கிப் பெண்மையை விரும்புவாரைப் பெண்பாலாகவும் கொள்க என்றார். ஒருவர் எதை அவாவுகின்றாரோ அதுவே அவர் பால் என்னும் இக்கொள்கை இன்றைய அறிஞரும் வியக்கத்தக்கது. ஆயின் அதே நூற்பாவில், இவ்விரு வகையினரும் அஃறிணையை ஒத்து வருதலும் உண்டு எனவும் நன்னூலார் இடந்தந்தார். இலக்கணம் வழக்கைத் தழுவி எழுவது. ஆதலின், நன்னூலார் காலத்து மக்கள் வழக்கில் இவர்களை "அது" எனச் சுட்டும் பழக்கம் இருந்தது எனக் கொள்ளுதல் பிழையாகாது. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு ஒருவரைத் தள்ள ஒரு சிறு விகுதி போதும். ஊர் நாவின் கொடுமை முழுதும் அவ்விகுதியில் அடங்கியுள்ளது.

காப்பியங்களின் நிலை வேறு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடியாடலும் ஒன்று. காமன் தன் ஆண்கோலம் துறந்து பேடிக் கோலம் பூண்டு ஆடியது அவ்வாடல். கொடுகொட்டிக்கும் குடக்கூத்துக்கும் கொற்றவை ஆடிய மரக்காலுக்கும் நிகராக அது எண்ணப்பட்டது. இழிவின் சாயல் அதன்மேல் சிறிதும் இல்லை. மணிமேகலையிலும் புகார் நகர வீதியில் பேடிக் கோலத்தார் ஆடும் கூத்தைச் சூழ்ந்து நின்று காண்பாரைச் சாத்தனார் காட்டுகின்றார். ஆயினும் அங்கே ஒரு வேறுபாடு தோன்றுகின்றது. மாதவி ஆடியது அரங்கு. சாத்தனார் காட்டியது தெரு. தெருவில் அக்காட்சி, கள்ளுண்டு களித்தோனையும் பித்தேறித் திரிவோனையும் ஊரார் கூடிநின்று பார்க்கும் காட்சிகளோடு அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளது. அரங்கில் கலையாய் நின்றது தெருவில் வேடிக்கையாய் மாறிவிட்டது.

பாரதக் கதையும் இவ்வேறுபாட்டையே கூறும். விராடன் நகரில் ஓராண்டு பிருகன்னளையாக இருந்து உத்தரைக்கு ஆடல் கற்பித்த அருச்சுனனை எவரும் இகழ்வதில்லை. அது அவன் வீரத்துக்கு அணியாகவே கூறப்படும். சிகண்டியின் நிலையோ அன்னதன்று. வீடுமர் அவனெதிரே வில்லைத் தாழ்த்தினார். போர்க்களத்தில் அவன் பிறர்க்கு மறைப்பாக நிறுத்தப்பட்டான். வென்ற பின்னும் அவன் பெயர் வீரர் பட்டியலில் ஒளி பெறவில்லை. இருவரும் பால் வரம்பைக் கடந்தவர்களே. ஆனால் அருச்சுனன் கடப்புக்கு ஓராண்டென ஓர் எல்லை உண்டு. எல்லை முடிந்ததும் காண்டீபம் அவன் கைக்கு மீளும். சிகண்டிக்கு மீளும் இடம் இல்லை. அவன் கடந்ததன்று, அவ்வாறே இருந்தவன். முன்னது வேடம், பின்னது மெய். வேடத்தை மன்னிக்கும் உலகம் மெய்யை மன்னிப்பதில்லை என்னும் உண்மை இவ்விரு பாத்திரங்களிலேயே விளங்கிவிடுகின்றது.

இக்கருத்தை மட்டக்களப்புக் கூத்துக் களரியில் வைத்து ஆராய்தல் வேண்டும். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளிலும் பெண் பாத்திரங்களை ஆடவரே ஆடிவந்தனர். கூத்துப் பழகத் தொடங்குங்கால் அண்ணாவியார் ஊர் இளைஞர்க்குச் சட்டம் கொடுப்பார். குரல் கம்பீரமுடையவனுக்கு அரச வேடமும், இனிய குரலும் மெல்லிய உடலும் வாய்ந்தவனுக்குப் பெண் வேடமும் அமையும். மாதக்கணக்கில் இரவு தோறும் பழகி, சதங்கையணி விழாக் கண்டு, கிழமைக் கூத்தாடி, இறுதியில் விடியவிடிய அரங்கேற்றம் நிகழும். பகலில் வயலில் மண்வெட்டி பிடித்தவனும் வாவியில் வலை வீசியவனும் இரவில் திரௌபதையாகவும் சுபத்திரையாகவும் களரியில் வருவர். அவர்தம் ஆட்டத்தின் நளினம் கண்டு ஊர் உருகும். நல்ல பெண் வேடக்காரன் பெயர் அண்டை ஊர்களுக்கும் பரவும். முதுமை எய்திய பின்னரும் அவ்வேடத்தின் பெயராலேயே அவரை அழைப்பாரும் உண்டு.

இதனைக் கொண்டு, தமிழர் பால் வரம்பைக் கடந்தோரைப் பண்டுதொட்டே போற்றினர் என முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு முழுவுண்மையன்று. பெண் வேடக்காரனுக்குக் கிடைத்த மாலை, பெண்ணைக் களரிக்கு வெளியே நிறுத்தியதனால் கிடைத்த மாலையாகும். கூத்தைக் காணப் பாய் விரித்து இரவு முழுதும் விழித்திருந்த பெண்களுள் எத்தனை திரௌபதைகள் ஆடாமலே முதுமை எய்தினர் என்பதை எவரும் எண்ணவில்லை. அன்றியும், அக்கலைஞன் விடிந்ததும் ஒப்பனை களைந்து மீசை முறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது சொல்லப்படாத நிபந்தனை. களரியில் நளினமாக நடந்தவன் காலையில் கடைத்தெருவிலும் அவ்வாறே நடப்பானாயின், இரவு கைகொட்டிய அதே கைகள் அவனைச் சுட்டிச் சிரிக்கும். ஆகவே ஊர் போற்றியது கடப்பையன்று. கடந்து சென்றவன் திரும்பி வந்ததையே போற்றிற்று.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்துக்குப் புத்துயிர் அளித்து, 1962-இல் "கர்ணன் போர்", 1964-இல் "இராவணேசன்" முதலியவற்றை மேடையேற்றியபோது, படித்தோர் இழிவெனக் கருதிய கலை மதிப்பெய்திற்று. மட்டக்களப்பு மாணவர் பலர் அம்முயற்சியில் முன்னின்றனர்; பேராசிரியர் சி. மௌனகுரு அவர்களுள் ஒருவர். பின்னர் 2000-க்குப் பின் சீலாமுனையில் நிகழ்ந்த கூத்து மீளுருவாக்க முயற்சி, பழைய பாடல்களில் பெண்ணையும் சாதியையும் பற்றி வரும் இழிவுரைகளையே வினாவுக்கு உட்படுத்திற்று. கலை தன்னைத் தானே திறனாய்வு செய்துகொள்ளும் ஆற்றல் உடையது என்பதற்கு இது சான்று. ஆனால் களரி திருந்துவது போல் ஊர் எளிதில் திருந்துவதில்லை.

தமிழக நாடக மேடையும் இதே கதையைப் பெரிய அளவில் கூறுகின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சிறுவர் குழுக்களில் பெண் வேடங்களும் சிறுவர்க்கே உரியன. குரல் உடையும் பருவம் வரை அவர்கள் அரசியர்; உடைந்த பின் வேறு வேடம் தேட வேண்டியவர். அக்குழுவில் வளர்ந்த தி. க. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற சிறப்பு தனிச்சிறப்பாகும். முதியவள் ஒருத்தியின் பெயர் ஓர் ஆடவர்க்குப் பட்டமாய் அமைந்து, "ஔவை சண்முகம்" என்றே அவர் வரலாற்றில் நிலைத்தார். சென்னையில் ஒரு சாலை அப்பெயர் தாங்கியது. சண்முகத்தின் நாடகக் குழுவில் சிறுவராய்ப் பயின்ற கமல்ஹாசன் 1996-இல் தாம் பெண் வேடம் பூண்ட படத்துக்கு "அவ்வை சண்முகி" எனப் பெயரிட்டு அம்மரபுக்கு வணக்கம் செலுத்தினார். மராத்திய மேடையில் பால கந்தர்வர் (1888 - 1967) புடைவை உடுத்த பாங்கையும் பூச்சூடிய பாங்கையும் குலமகளிரே பின்பற்றினர் என்பர். பெண்மைக்கு இலக்கணம் வகுக்கும் உரிமையே ஓர் ஆடவர்க்குக் கிட்டியது!

இவ்வரிசையில் மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் (1908 - 1980). வறுமையில் பிறந்து, சிறுமியாய் இருந்தபோதே நாடகக் குழுவிற் சேர்ந்து ஆண்பிள்ளை வேடம் புனைந்தவர். 1920-களில் இலங்கைக்கு வந்து கொழும்பில் நடித்த காலத்தேதான் எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் மேடை வாழ்வு இணைந்தது. 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாள் இருபத்தைந்து வயதினர். வெள்ளாடை பூண்டு, இனி எந்த ஆடவரோடும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி கொண்டார். அவ்வுறுதியே அவரை ஒரு புதுமைக்குக் கொண்டு சேர்த்தது. 1935-இல் வெளிவந்த "பக்த நந்தனார்" படத்தில் அவரே நந்தனாராக, ஆண் வேடத்தில் தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் எந்த நடிகரும் கனவு காணாத தொகை அது. வேதியராக நடித்தவர் இசைப் பேரறிஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

இங்கே மூன்று வரம்புகள் ஒருங்கே கடக்கப்பட்டன. பெண் ஆணானாள், கைம்பெண் மேடையேறினாள், கோயில் வாயிலுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட குலத்தவர் நாயகராக நின்றார். கோபாலகிருஷ்ண பாரதியார் யாத்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின்படி வேதியர் இறுதியில் நந்தனாரின் அடியில் வீழ்கின்றார். அக்காட்சியைத் திரையில் கண்டோர் உள்ளம் இருவகைப்பட்டது. இசையில் தோய்ந்தோர் கசிந்துருகினர். வரம்பில் தோய்ந்தோர் முகஞ்சுளித்தனர். ஆயினும் கசிந்தவருள் எத்தனை பேர் மறுநாள் தம் தெருவழியே நந்தனார் குலத்தவர் நடந்துவர ஒப்பினர்? திரையில் நந்தனாருக்குத் தில்லையில் கதவு திறந்தது 1935-இல். மதுரை மீனாட்சியம்மை கோயிலில் மெய்யான நந்தன்களுக்குக் கதவு திறந்தது 1939-இல், அதுவும் அ. வைத்தியநாத ஐயர் முதலியோர் எதிர்ப்புக்கிடையே முன்னின்றதனால். ஓர் இலட்சம் ரூபாயும் கண்ணீரும் நந்தனார் வேடத்துக்கு உரியன. நந்தனார் மெய்க்கு அன்று. சுந்தராம்பாளின் அருங்கலையைக் குறைத்துக் கூறுவதன்று இது. அக்கலை எவ்வளவு உயர்ந்ததாயினும் ஊரின் உள்ளக் கதவை அதனால் பாதியே திறக்க முடிந்தது என்பதே கருத்து.

வேடம் என்னும் காப்பு இல்லாத புகழிடம் ஒன்றுண்டு. அதுவே விளையாட்டுக் களம். அங்கே ஒப்பனை இல்லை, பாத்திரம் இல்லை, உடலே பாத்திரம். ஆதலின் ஊரின் கண் அங்கே மறைவின்றி வெளிப்படுகின்றது.

சுசந்திகா ஜயசிங்க சிங்களச் சிற்றூர் ஒன்றின் வறிய குடும்பத்திற் பிறந்தவர். 1997-இல் ஏதென்சில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். தமக்கு முன் ஓடிய மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உண்டமை வெளிப்பட்டுப் பதக்கம் இழந்தபின், அது வெள்ளியாக உயர்ந்தது. 1948-இல் டங்கன் வைட் பெற்ற பதக்கத்துக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் இது. இத்தகைய பெருமை தேடித் தந்த பெண்ணின் கருநிறமும் திரண்ட தோளும் குறுக வெட்டிய மயிரும் அவர்தம் நாட்டாரிலேயே பலர்க்கு நகைப்புப் பொருளாயின. "ஆண் போன்றவள்" என்பதோடு அமையாது, "ஆபிரிக்கர் போன்றவள்" என்பதும் வசையாயிற்று. இரு வசைகளும் ஒருங்கே வருவது தற்செயலன்று. மென்மை, வெண்மை, பெண்மை என்னும் மூன்றையும் ஒரு நூலில் கோத்து வைத்திருக்கும் உள்ளத்துக்கு, ஒன்று இல்லாதவிடத்து மற்ற இரண்டும் இல்லை என்றே தோன்றும்.

தமிழர் தம் கதை இன்னும் கசப்பானது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிற் செங்கற்சூளைத் தொழிலாளர் மகளாய்ப் பிறந்தவர் சாந்தி சௌந்திரராசன், தாழ்த்தப்பட்ட குலத்தவர். 2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வென்றார். சில நாளிற் பாற்சோதனையில் தேறவில்லை எனக் கூறிப் பதக்கம் பறிக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர். தம் உடலின் உள்ளமைப்பைத் தாமே அறியாதவர். ஒருவருடைய மருத்துவ மறைபொருள் உலகச் செய்தியாயிற்று. அவர் ஏமாற்றினார் என நினைத்தோரும் பலர். அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி முன்னரே அறிவித்த 15 இலட்சம் ரூபாய்ப் பரிசைத் திரும்பப் பெறாது வழங்கியது ஊர் இரைச்சலுக்கிடையே நிகழ்ந்த நற்செயல். ஆயினும் வாழ்வே வேண்டா என்னும் எல்லைக்கு அவர் தள்ளப்பட்டார். 2012-இல், பிறந்த ஊரிற் செங்கற்சூளையிலே நாட்கூலிக்கு உழைக்கின்றார் என்னும் செய்தி வந்தது. பின்னர்ப் பயிற்சியாளராகி, 2016-இல்தான் நிலையான அரசுப் பணி பெற்றார். நந்தனார் வேடத்துக்கு 1935-இல் ஓர் இலட்சம் ஈந்த தமிழுலகம், நந்தனார் குலத்துப் பெண் ஒருத்தி மெய்யாகவே உலக அரங்கில் நின்றபோது அவளைச் சூளைக்குத் திருப்பியனுப்பியது.

இதனோடு தென்னாபிரிக்காவின் காஸ்டர் செமென்யா நிலையை ஒப்புநோக்கலாம். 2009-இல் பதினெட்டாம் வயதில் பெர்லினில் 800 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 55.45 வினாடியில் ஓடிப் பொன் வென்ற அவரையும் சோதனைக்குள்ளாக்கினர். அவர் பெண்ணோ என உலகச் செய்தித்தாள்கள் கூவின. ஆனால் அவர் தாய்நாடு திரும்பியபோது விமான நிலையத்தில் மக்கள் திரண்டு ஆடிப்பாடி வரவேற்றனர். நாட்டின் தலைவர்களும் அவர் பக்கம் நின்றனர். கருநிறத்தவர் உடலை வெள்ளையர் அளந்து பார்த்த பழைய கொடுமையை அம்மக்கள் மறக்கவில்லை. அந்நினைவே அவர்க்குக் காப்பாயிற்று. ஒடிசாவின் நெசவாளர் மகள் தூத்தி சந்த் 2014-இல் விலக்கப்பட்டபோது வழக்காடினார். 2015-இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியையே நிறுத்திவைத்தது. 2018-இல் ஜகார்த்தாவில் அவர் இரு வெள்ளிகள் வென்றார். சாந்திக்கு வழக்காட வழிகாட்டுவாரும் இல்லை. வாயிலில் நின்று வரவேற்பாரும் இல்லை. சோதனை எங்கும் ஒன்றே. ஊர் ஒன்றன்று என்பது இம்மூவர் வரலாற்றால் விளங்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். மகளிர் போட்டி மகளிர்க்கெனத் தனியே வகுக்கப்பட்டது நீதியின் பொருட்டன்றோ? இயற்கையாகவே மிகுந்த வலிமை பெற்றவர் அதில் ஓடின் ஏனையோர்க்கு இழப்பன்றோ? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. அறிஞரும் நடுவரும் இதன்பொருட்டு நெடுங்காலம் வாதிட்டு வருகின்றனர். 2019-இல் நடுவர் மன்றம் செமென்யாவின் முறையீட்டை ஏற்கவில்லை. 2025-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் வழக்கு முறைப்படி கேட்கப்படவில்லை எனத் தீர்த்தது. அதே ஆண்டு உலகத் தடகள அமைப்பு மகளிர் பிரிவிற்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. எல்லை எங்கே அமையவேண்டும் என்பது உடலியலாரும் சட்ட வல்லுநரும் தீர்க்க வேண்டிய வினா. ஆனால் விதி வேறு, வசை வேறு. ஒருவர் ஒரு பிரிவில் ஓடலாகாது எனத் தீர்ப்பதற்கு அவரைத் தெருவில் நிறுத்தி நகைக்க வேண்டிய தேவை இல்லை. விதியின் பெயரால் வசையை நுழைப்பவர் நீதியை விரும்புவோர் அல்லர். நீதியை வாயிலாகக் கொண்டு தம் அருவருப்பைத் தீர்த்துக்கொள்வோர். 2018-இல் ஆஸ்திரேலியச் செய்தித்தாள் ஒன்று செரீனா வில்லியம்சைக் கருநிறத்தவர்க்கு இழிவு விளையும் பழைய கேலிப்பாங்கில் வரைந்தபோது, அங்கே காக்கப்பட வேண்டிய விதி எதுவும் இல்லை. உலகம் முழுதும் கண்டனம் எழுந்தது அதனாலேயே.

நிறம் பற்றிய இவ்வருவருப்பு கிழக்கிலங்கைக்கும் புதியதன்று. போர்த்துக்கேயரும் பின்வந்தோரும் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் "காப்பிலிகள்" எனப்பட்டனர். புத்தளத்துச் சிறாம்பையடி முதலிய இடங்களில் அவர் வழியினர் வாழ்கின்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் திருமண விழாக்களில் ஆடும் கபிரிஞ்ஞா ஆடலின் பெயரிலும் அம்மக்களின் பெயர் பதிந்துள்ளது. அத்தாளமே பைலாவாய் மாறி இலங்கை முழுதையும் ஆட்டுவிக்கின்றது. அதற்கு ஆடாத திருமண வீடு அரிது. ஆயின் சுருண்ட மயிருடைய குழந்தையைப் பார்த்துக் "காப்பிலி முடி" எனப் பழிக்கும் வழக்கும் அத்திருமண வீட்டிலேயே உண்டு. தாளம் வேண்டும், தாளம் தந்த தலை வேண்டா. கூத்தின் பெண் வேடத்துக்கு நிகழ்ந்ததே இங்கே நிறத்துக்கும் நிகழ்ந்தது.

பாசிக்குடாக் கடற்கரை இவ்வுண்மைக்கு இக்காலச் சான்று தருகின்றது. நெடுந்தூரம் நடந்து செல்லத்தக்க ஆழமற்ற அக்குடாவைச் சூழ, 2009-இல் போர் ஓய்ந்தபின் பெரும் விடுதிகள் எழுந்தன. பிறநாட்டார் வந்து செல்கின்றனர். அவருள் மயிரைக் குறுக வெட்டிய பெண்ணும், காதில் தோடும் நீண்ட கூந்தலும் உடைய ஆணும் உளர். கரையோர ஊரார் அவர்களை ஏறெடுத்துப் பார்ப்பதோடு சரி. "அது அவர்கள் பழக்கம்" என விட்டுவிடுகின்றனர். வெயிலில் கிடந்து மேனி கறுக்க விரும்பும் வெள்ளையரைக் கண்டு சிரிப்பவர், தம் மகளை வெயிலிற் செல்லாதே, கறுத்துவிடுவாய் எனத் தடுக்கின்றனர். தம் ஊர்ப்பெண் மயிரைக் குறைத்தால் "ஆம்பிளைப் பிள்ளை" என்பர். தம் ஊர் இளைஞன் நளினமாய் நடந்தால் அவனுக்கு வேறொரு பெயர் வைப்பர். வேற்றுநாட்டார் கடப்பை ஊர் பொறுத்துக்கொள்வது ஏன்? கடல் கடந்து வந்தவர் கடல் கடந்து போய்விடுவர். அவரும் ஒருவகை வேடக்காரர். அவர் தங்கும் நாள்களே அவர்க்குக் களரி.

ஆகவே ஊரின் பொறுமை தொலைவைப் பொறுத்தது எனத் துணியலாம். காப்பியத்துப் பேடிக்கும் பிருகன்னளைக்கும் காலத் தொலைவு உண்டு. களரியில் ஆடுவோனுக்கும் திரையில் தோன்றுவோனுக்கும் வேடத் தொலைவு உண்டு. பாசிக்குடாவுக்கு வரும் பயணிக்கு நிலத் தொலைவு உண்டு. இம்மூன்றும் இல்லாது, அடுத்த வீட்டிலே, தன் மொழி பேசி, தன் நிறத்தோடு ஒருவர் வாழ்ந்துவிட்டால் அவர்க்குக் காப்பு எதுவும் இல்லை. புகழும் காப்பாவதில்லை. பலர் கண்ணுக்கு இலக்காவதால் புகழ் அத்தொலைவை மேலும் குறைத்துவிடுகின்றது. முன்பு ஒரு தெரு மட்டும் சுட்டியதை இப்போது நாடே சுட்டுகின்றது.

சட்டமும் இம்மனநிலையிற் பங்கு கொண்டது. இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 399-ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலைக் குற்றமாகக் கூறுவது. பிறர் பெயரால் பொருள் பறிப்போரைத் தண்டிக்க எழுந்த அவ்விதி, தம் உள்ளத்துப் பாலுக்கேற்ப உடுத்து நடந்தோர்மேலும் ஏவப்பட்டது. களரியில் வேடம் பூண்டவனுக்குச் சால்வை. தெருவில் தன் மெய்யோடு நடந்தவனுக்கு ஆள்மாறாட்டக் குற்றம். இதனினும் பெரிய முரண் வேறு இல்லை. 2016-இல் சுகாதார அமைச்சு பாலினத்தை ஏற்றறியும் சான்றிதழ் வழங்க வழி செய்தது; அதுமுதல் ஏடுகளில் ஒரு கதவு திறந்தது. தமிழகத்திலும் 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. "திருநங்கை" என்னும் சொல்லே ஊர் வழங்கிய வசைச்சொற்களை ஏடுகளிலிருந்து அகற்றிற்று. நன்னூலார் காலத்து வழக்கு விட்டுச்சென்ற அஃறிணைக் கறையைத் துடைக்க ஒரு நல்ல பெயர் எத்துணை உதவும் என்பதற்கு இது சான்றாகும்.

வேடமும் மெய்யும் ஒன்றாக நிற்க இயலாவோ என்னும் வினாவுக்கு நர்த்தகி நடராஜ் வாழ்வு விடை பகர்கின்றது. மதுரையிற் பிறந்து, தம் பெண்மையை ஊர் ஒப்பாத இளமைப் பருவத்தைக் கடந்து, தஞ்சை கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் நெடுங்காலம் பரதம் பயின்று, மேடையிலும் மேடைக்கு வெளியிலும் தாம் ஒருவராகவே நின்றவர் அவர். 2019-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. திருநங்கையர்க்கு அவ்விருது கிட்டியது அதுவே முதன்முறை. அவர் ஆடும் நாயகி பாவத்தைக் கண்டு உருகுவோர், ஆட்டம் முடிந்தபின் அவர் மீசை முறுக்கித் திரும்பி வருவார் என எதிர்பார்க்க இடமில்லை. களரியின் பழைய நிபந்தனை அங்கே முறிந்தது. ஆனால் அதற்கு அவர் செலுத்திய விலை, வாழ்நாள் முழுதும் கலையில் ஒப்புயர்வற்று விளங்க வேண்டும் என்பது. மெய்யோடு வாழ விரும்பும் ஒவ்வொருவரும் பெருங்கலைஞராகவோ பெருவீரராகவோ இருந்தே தீரவேண்டும் என்பது நீதியாகாது. சூளையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், வாவியில் தோணி தள்ளும் இளைஞனுக்கும் அதே மதிப்பு வேண்டும்.

திறனாய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் இதனால் ஒரு கடமை உண்டு. ஆடலை ஆடலாகவும், பாடலைப் பாடலாகவும், ஓட்டத்தை ஓட்டமாகவும் மதிப்பிடுதல் அவர் தொழில். ஆடுவோர் மேனியின் நிறத்தையும் ஓடுவோர் தோளின் அளவையும் தம் மதிப்பீட்டுள் புகவிடாமை அத்தொழிலின் முதல் ஒழுக்கம். வகுப்பறையில் சிலம்பின் பேடியாடலைப் பாடமாகச் சொல்லிவிட்டு, அவ்வகுப்பின் கடைசி வரிசையில் கூனிக் குறுகி அமர்ந்திருக்கும் மாணவனைப் பற்றி ஏனையோர் நகைப்பதைக் காணாதிருப்பின், அங்கே இலக்கியம் கற்பிக்கப்படவில்லை. தொல்காப்பியனார் உயர்திணை என வகுத்தாரை உயர்திணையாகவே விளித்தல் பெருஞ்செயலன்று. அவர்களைச் சுட்டும் வாக்கியம் "அது" என முடியாமற் காத்தால் போதும்.